சுட்டு முடித்ததும் துப்பாக்கி என்ன நிலையில் இருக்கிறது?

ரிவால்வர் நல்லதா, செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் நல்லதா என்று துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பேச்சை ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். பிஸ்டல்காரர் தோட்டா எண்ணிக்கையைச் சொல்வார். ரிவால்வர்காரர் "இது ஒருநாளும் மக்கர் பண்ணாது" என்பார். கடைசியில் யாராவது ஒருவர், இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்துகிற தோரணையில், "என்ன இருந்தாலும் புதுசா வர்றவங்களுக்கு ரிவால்வர்தான் கொடுக்கணும், அது சிம்பிள்" என்று முடித்து வைப்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். முதல் இரண்டும் பாதி உண்மை, அதனால் அவற்றோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. இந்த மூன்றாவது வாக்கியம்தான் ரொம்ப நாளாக என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தது. எதைச் செய்ய சிம்பிள்? புரிந்துகொள்ளவா, சுடவா, கையில் வைத்துக்கொண்டு நிற்கவா? இந்த மூன்றும் மூன்று வேறு விஷயங்கள், ரிவால்வரும் பிஸ்டலும் இந்த மூன்றிலும் ஒரே வரிசையில் நிற்பதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சுடுவது காகிதக் குறியை மட்டும்தான். தற்காப்பு, காவல்துறை, ராணுவம் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் நண்பனிடம் க்ளாக் 17 என்கிற செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் இருக்கிறது. எங்கள் குழுவில் இன்னொருவரிடம் 1873ஆம் வருடத்து கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்கிற மாடலைப் பார்த்து இத்தாலியில் செய்த ரிவால்வர் ஒன்று இருக்கிறது, .45 கோல்ட் தோட்டா போடுவது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டைப் பற்றியதுதான்.

பழசு என்றால் எவ்வளவு பழசு

என் நண்பன் அந்த ரிவால்வரை எடுக்கும்போதெல்லாம் "மியூசியத்துல வெச்சிருக்க வேண்டியது" என்பான். அவன் கையில் இருக்கிற க்ளாக்கை ஆஸ்திரிய ராணுவம் 1982இல் ஏற்றுக்கொண்டது. அதுவே நாற்பது வருடம் தாண்டிவிட்டது, சரி. ஆனால் அதன் பிளாஸ்டிக் உடம்பை விட்டுவிட்டு உள்ளே பார்த்தால் விஷயம் இன்னும் பழசு. சுட்ட மாத்திரத்தில் பேரலும் (குண்டு போகிற குழாய்) ஸ்லைடும் (அதன்மேல் சறுக்கி ஓடுகிற இரும்பு உறை) ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சில மில்லிமீட்டர் பின்னால் வந்து, அப்புறம் பேரலின் பின்பக்கம் கீழே சாய்ந்து ஸ்லைடைத் தனியாக விடுகிற அந்த ஏற்பாடு அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் கொடுத்தது. 1911 வருடப் பிஸ்டலிலேயே அது இருந்தது. அந்தப் பிஸ்டல் அமெரிக்க ராணுவத்தின் சோதனையில் 6000 தோட்டா சுட்டுக் காட்டித்தான் உள்ளே நுழைந்தது.

இந்தப் பக்கம் பார்த்தால், கோல்ட் ரிவால்வர் வந்த 1873க்கும், தானாகத் தோட்டா ஏற்றுகிற ஆரம்பகாலப் பிஸ்டல்களில் ஒன்றான போர்ச்சார்ட்டின் சி93 வந்த 1893க்கும் நடுவே இருபதே வருடம்தான். அந்த இருபது வருடத்துக்குள் நடந்த பெரிய காரியம் பிஸ்டலில் நடக்கவில்லை, வெடிமருந்தில் நடந்தது. 1884இல் பால் வியேல் பிரான்ஸில் புகையில்லா மருந்தைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய கரும்மருந்து சுடச் சுடக் கரியை அள்ளிப் பூசிவிடும். கைக்கு அடக்கமான ஒரு சின்ன இயந்திரம், ஒவ்வொரு வெடிக்கும் தானாகவே முன்னும் பின்னும் சறுக்கி ஓட வேண்டியது, அந்தக் கரியில் நெடுநேரம் தாங்காது. ரிவால்வரின் சிலிண்டரும் (தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளை) கரியில் இறுகும்தான், ஆனால் கட்டைவிரலுக்கு அதைத் திருப்பப் பலம் இருக்கிறது. ஆக 1873க்காரர்களுக்கு மூளை போதாமல் ரிவால்வர் செய்யவில்லை, அவர்களிடம் இருந்த மருந்துக்கு அதுதான் சரியான இயந்திரம். இதை நண்பனிடம் சொன்னால் "அதைத்தான்டா நானும் சொல்றேன், இப்ப நல்ல மருந்து வந்துடுச்சில்ல" என்கிறான். அதுவும் நியாயம்தான்.

வேலையை யார் செய்கிறார்கள்

இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் தோட்டா எண்ணிக்கையை நான் சொல்ல மாட்டேன். அடுத்த தோட்டாவை இடத்துக்குக் கொண்டுவருகிற வேலையை யார் செய்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

கோல்ட் மாதிரியில் அதை உங்கள் கட்டைவிரல் செய்கிறது. ஹேமரை, அதாவது தோட்டாவை அடிக்கிற சுத்தியலை, பின்னால் இழுக்கும்போது உள்ளே ஒரு சின்ன நெம்புகோல் சிலிண்டரை ஆறில் ஒரு பங்கு திருப்புகிறது, இன்னொரு துண்டு எழும்பி சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து பூட்டுகிறது. அசல் அமைப்பில் நான்கு முறை க்ளிக் கேட்கும். கடைசி க்ளிக்கில் ஹேமர் நின்றுகொள்ளும், அப்புறம் விசையை (ட்ரிகரை) தொட்டால் போதும். விசைக்கு மிச்சம் வேறு வேலை எதுவும் இல்லை என்பதால் அது குட்டையாக, கண்ணாடி உடைகிற மாதிரி சட்டென்று விடும். க்ளாக்கில் இந்த வேலை முழுவதையும் போன தோட்டாவின் வெடி செய்கிறது. ஸ்லைடு பின்னால் போகிறது, காலிக் கூட்டை இழுத்து வெளியே எறிகிறது, ஸ்ப்ரிங்கை அமுக்குகிறது, திரும்பி வரும்போது பிடிக்குள் இருக்கிற தோட்டாப் பெட்டியான மேகசினின் தலையிலிருந்து ஒன்றை உரசி எடுத்து, பேரலின் பின்முனை அறையான சேம்பருக்குள் தள்ளுகிறது. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் இத்தனையும் முடிந்துவிடும். நீங்கள் கண்ணைச் சிமிட்டியிருந்தால் எதையுமே பார்த்திருக்க மாட்டீர்கள்.

இந்த ஒரே காரணத்திலிருந்துதான் மற்ற எல்லா வித்தியாசமும் கிளைக்கிறது. கையால் இயங்குவதால் ரிவால்வருக்குத் தோட்டாவின் பலம் பற்றிக் கவலையே இல்லை. காகிதத்தில் ஓட்டை போடுவதற்கு மட்டும் மருந்து போட்ட மெலிந்த தோட்டாவைக் கொடுத்தாலும் அது சுற்றும். பிஸ்டலுக்கு அது ஆகாது, ஸ்லைடு முழுத் தூரம் போகாமல் பாதியில் திரும்பி, காலிக் கூட்டை வாயில் கவ்விக்கொண்டு நிற்கும். தோட்டா சரியாக இருந்து, பிடிக்கிறவர் மணிக்கட்டைத் தளர்த்தியிருந்தாலும் அதே கதைதான், ஏனென்றால் ஸ்லைடு ஓடுவதற்குத் துப்பாக்கியின் உடம்பு அசையாமல் நிற்க வேண்டும், அந்த உடம்பை நிறுத்துவது உங்கள் மணிக்கட்டு. தானாக இயங்கும் என்று நாம் சொல்கிற இயந்திரத்தில் சுடுகிறவரின் எலும்பும் ஒரு பாகம்.

சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுகிற உதை விஷயத்தில் கணக்கு கொஞ்சம் வேடிக்கையானது. .45 கோல்ட் குண்டு ஏறத்தாழ 16 கிராம், சாதாரணமாக விநாடிக்கு 260 மீட்டர் அளவில் போகும். 9 மில்லிமீட்டர் குண்டு 8 கிராம், 350 மீட்டர். எடையை வேகத்தால் பெருக்கினால் கோல்ட் பக்கம் ஒன்றரை மடங்கு. ஆனால் கையில் அது அப்படித் தெரிவதில்லை. இரும்பு ரிவால்வர் வெறும் எடையே ஒரு கிலோவுக்கு மேல், தவிர அதன் வளைந்த பிடி உள்ளங்கையில் உருளும்படி செய்யப்பட்டிருக்கிறது, உதை மணிக்கட்டில் இடிக்காமல் துப்பாக்கியைச் சாவகாசமாக மேலே தூக்குகிறது. தூக்கிய இடத்தில் ஹேமர் சரியாகக் கட்டைவிரலுக்குக் கீழே வந்து நிற்கிறது. இது தற்செயலாக அமைந்ததா, யோசித்துச் செய்ததா என்று தெரியாமல் அந்த அழகை நான் பலமுறை அனுபவித்திருக்கிறேன்.

"மக்கர் பண்ணாது" என்பது

சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். ரிவால்வர் மக்கர் பண்ணும். கோல்ட் மாதிரியில் விசைக்கும் சிலிண்டர் பூட்டுக்கும் பொதுவாக இருக்கிற ஒரு தட்டை ஸ்ப்ரிங் உடைவது பழைய, பிரசித்தமான கோளாறு. சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வருகிற வகையில், எரியாத மருந்துத் துகள் நான்கைந்து போய் காலிக் கூடுகளை வெளியே தள்ளுகிற எஜெக்டரின் நட்சத்திரத்துக்கு அடியில் உட்கார்ந்தால் சிலிண்டர் மூடாது, மூடினாலும் சுற்றாது. எடை குறைந்த ரிவால்வரில் பலமான தோட்டா போட்டால், உதையில் பக்கத்து அறைகளில் இருக்கிற குண்டுகள் கூட்டிலிருந்து முன்னால் நகர்ந்து சிலிண்டரையே முட்டுக்கட்டை போட்டு நிறுத்திவிடும். பிஸ்டல் அடிக்கடி சின்னதாகச் சிக்கும், மேகசினைத் தட்டி ஸ்லைடை இழுத்தால் பெரும்பாலும் சரியாகும். ரிவால்வர் அபூர்வமாகச் சிக்கும், சிக்கினால் மேசையும் ஸ்க்ரூட்ரைவரும் வேண்டும்.

"வெடிக்காத தோட்டா வந்தா ரிவால்வர்ல திரும்பவும் இழுத்தாப் போதும், அடுத்தது வந்துடும்" என்பதையும் பெருமையாகச் சொல்வார்கள். ரேஞ்சில் அப்படிச் செய்யக்கூடாது. ஹேமர் விழுந்தும் வெடிக்காவிட்டால் குறியை நோக்கியே பிடித்தபடி அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கிற தோட்டாவாக இருந்து, நீங்கள் அதற்குள் சிலிண்டரைத் திருப்பியிருந்தால், அது பேரலுக்கு நேராக இல்லாத அறையிலிருந்து வெடிக்கும். அதை நினைத்தாலே எனக்கு விரல் கூசும்.

"ஒண்ணுதானே சுட்டேன்?"

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குழுவில் ஒருவர் தன்னுடன் வேலை பார்க்கிற ஒரு பெண்ணை ரேஞ்சுக்கு அழைத்து வந்திருந்தார். அவர் துப்பாக்கியைத் தொடுவது அதுதான் முதல் தடவை. கோச் வழக்கம்போல எல்லா விதிகளையும் சொன்னார், அவரும் கவனமாகக் கேட்டார், திருப்பிக் கேட்டபோது சரியாகச் சொன்னார். க்ளாக்கின் மேகசினில் ஐந்து தோட்டா. நின்ற நிலை நன்றாக இருந்தது, விசையைப் பொறுமையாக இழுத்தார், முதல் குண்டே கறுப்பு வட்டத்துக்குள் போய் விழுந்தது. அவ்வளவுதான், முகமெல்லாம் சிரிப்பாக, "பட்டுடுச்சு!" என்று எங்கள் பக்கம் திரும்பினார். தலை மட்டுமல்ல, தோள், கை, கையில் இருந்த துப்பாக்கி எல்லாமே சேர்ந்து திரும்ப ஆரம்பித்தது.

கோச் அவருக்கு வலப்பக்கம் அரையடி பின்னால்தான் நின்றிருந்தார், புதியவர்கள் சுடும்போது அவர் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். கையை நீட்டி முன்கையைப் பிடித்து, தள்ளாமல், சும்மா அணை போட்ட மாதிரி நிறுத்தினார். "முன்னாடி பாருங்கம்மா. முன்னாடி." குரலை ஏற்றவே இல்லை. பிஸ்டலின் வாய் பக்கத்து லேன் தடுப்பு வரைக்கும் வந்திருந்தது. விரல் இன்னும் விசைமேல்தான் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது, ஆனால் உண்மையான குழப்பத்தோடு கேட்டார்: "ஒண்ணுதானே சுட்டேன்?"

அந்தக் கேள்வியை நான் ரொம்ப நாள் மென்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு தடவை இழுத்தார், ஒன்று வெடித்தது, வேலை முடிந்தது என்பது அவர் அனுபவித்த உண்மை. அவர் அனுபவத்தில் இல்லாதது, வெடிச் சத்தத்துக்கு உள்ளேயே அந்த இயந்திரம் அடுத்த தோட்டாவை ஏற்றி, தோட்டாவைக் குத்துகிற ஊசியான ஸ்ட்ரைக்கரைப் பாதி இழுத்து வைத்து, இரண்டரை கிலோ அழுத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது என்பது. சொல்லிக் கொடுக்கப்பட்டதுதான். ஆனால் காதால் கேட்பது வேறு, கைக்குத் தெரிவது வேறு. க்ளாக்கை வெளியிலிருந்து பார்த்தால் சுடுவதற்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரிதான் இருக்கும், கறுப்பாக, சதுரமாக, ஒன்றும் நடக்காதது போல. பின்னால் வந்த மாடல்களில் தோட்டா உள்ளே இருந்தால், கூட்டை இழுக்கிற கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் துளியூண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஆனால் அதை விரலால் தடவிப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது தேவையே இல்லை.

கோச் க்ளாக்கை வாங்கி வைத்துவிட்டு அந்த இத்தாலி ரிவால்வரைக் கேட்டு வாங்கினார். வலப்பக்கம் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து, ஹேமரைப் பாதிக்கு இழுத்து, தோட்டாவை அந்தப் பெண் கையிலேயே கொடுத்துப் போடச் சொன்னார். ஒன்று போட்டால் ஒரு க்ளிக் திருப்பு, அடுத்தது காலி என்று கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு, விரல் நுனியில் எண்ணெய்க் கறையோடு அதைச் செய்தார். அப்புறம் சுட்டார். வெடித்ததும் கையில் இருந்தது ஹேமர் விழுந்து, காலிக் கூட்டின்மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு இரும்புத் துண்டு. இரண்டாவது தோட்டா வேண்டுமென்றால் அவரே ஹேமரை இழுத்தாக வேண்டும். இந்தத் தடவையும் திரும்பப் பார்த்தார், இந்தத் தடவையும் கோச் "முன்னாடி" என்றார், அதில் சலுகை கிடையாது. ஆனால் அந்த அரை விநாடியில் அங்கே நின்ற யாருக்கும் வயிற்றைப் பிசையவில்லை.

தயாராக இருப்பது

அதற்கப்புறம்தான் எனக்கு அந்த "சிம்பிள்" விஷயம் பிடிபட்டது. பிஸ்டல் எப்போதும் உங்களுக்கு முன்னாலேயே தயாராகிவிடுகிறது. கோல்ட் மாதிரியான சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் நீங்கள் தயாராக்கினால் ஒழியத் தயாராவதில்லை. வேகமாகச் சுட வேண்டியவருக்கு முதலாவது வரம். துப்பாக்கி என்றால் என்ன என்று கற்றுக்கொள்கிறவருக்கு இரண்டாவது வரம். சுடச்சுடப் பறந்து வருகிற காலிக் கூடு சட்டைக் காலருக்குள் விழுந்து, ஆள் துள்ளிக் குதிப்பதைப் பிஸ்டல் ரேஞ்சில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாம் சிரிக்கிறோம், ஆனால் அவர் துள்ளும்போது கையில் இருப்பதும் தயாராகத்தான் இருக்கிறது. மேகசினைக் கழற்றிவிட்டேன், இனி காலி என்று நினைப்பதும் இதே வகை. சேம்பருக்குள் ஏறிப்போன ஒன்று மேகசினோடு வெளியே வராது. பிரௌனிங் ஹை பவரில், 1935 பிஸ்டல், மேகசின் இல்லாவிட்டால் விசை வேலை செய்யாதபடி ஒரு தடை வைத்தார்கள். க்ளாக்கில் அது கிடையாது, அதோடு சுத்தம் செய்யப் பிரிக்கும்போது விசையை ஒருமுறை இழுத்தால்தான் ஸ்லைடு கழன்று வரும். சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலை விட்டுத் தடவி, அப்புறம் இழுக்க வேண்டும். என் நண்பன் இதை ஒவ்வொரு தடவையும் சடங்கு மாதிரிச் செய்கிறான். அவன்மேல் எனக்கு இருக்கிற மரியாதையில் பாதி அதனால் வந்தது.

இதை வைத்துப் பழைய ரிவால்வரைப் பாதுகாப்பின் அவதாரமாக ஆக்கிவிடவும் கூடாது. கோல்ட் மாதிரியில் ஹேமர் கீழே இறங்கியிருக்கும்போது அதன் ஊசி நேராகத் தோட்டாவின் ப்ரைமர்மேல் (அடி பட்டால் மருந்தைப் பற்றவைக்கிற மூடி) படுத்திருக்கும். ஹேமர்மேல் அடி விழும்படி கீழே போட்டால் வெடிக்கலாம். அதனால்தான் ஆறு அறை இருந்தும் ஐந்து போட்டு, ஹேமரைக் காலி அறைமேல் இறக்கி வைப்பது வழக்கம்: ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு, முழுக்க இழுத்து மெல்ல இறக்கு. ரூகர் நிறுவனம் தன் பிளாக்ஹாக் வகையில் விசையை இழுத்தால் மட்டுமே ஹேமரின் அடியை ஊசிக்குக் கடத்துகிற ஒரு துண்டை இடையில் வைத்து இதைத் தீர்த்தது 1973இல், அசல் கோல்ட் வந்து சரியாக நூறு வருடம் கழித்து.

அப்புறம் இன்னொன்று. "புதுசா வர்றவங்களுக்கு ரிவால்வர்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது இந்தக் கோல்ட் வகையை அல்ல, கைப்பைக்குள் அடங்குகிற குட்டைப் பேரல் டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரை. அதைப் புதியவர் கையில் கொடுப்பது கொடுமை. ஒரே இழுப்பில் ஹேமரைத் தூக்கி, சிலிண்டரைத் திருப்பி, பூட்டி, விட வேண்டும் என்பதால் அந்த விசை ஐந்து கிலோ அளவுக்குக் கனக்கும், துப்பாக்கியின் மொத்த எடையோ அதில் எட்டில் ஒரு பங்குகூட இருக்காது. குறி பார்க்கிற பின் சைட் என்பது ஒரு கீறல். உதை விரல் எலும்பில் வந்து இறங்கும். ரிவால்வரில் வேகச் சாதனை படைத்தவர்கள் உண்டுதான்: எட் மக்கிவர்ன் 1932இல் டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரால் ஐந்து தோட்டாவை 0.45 விநாடியில் சுட்டார், ஜெர்ரி மிக்குலெக் 1999இல் ஆறு சுட்டு, நிரப்பி, இன்னும் ஆறு சுட்டு 2.99 விநாடியில் முடித்தார். ஆனால் அவர்கள் கையில் இருந்தது முழு அளவு ரிவால்வர், தவிர அந்த விசையை வசப்படுத்த அவர்கள் கொடுத்த உழைப்பு வேறு ரகம். அதைக் காட்டி "பார், ரிவால்வர் எளிது" என்று சொல்ல முடியாது.

என் கணக்கு இப்போது இப்படி நிற்கிறது. குறி பார்த்து வேகமாக, நிறையச் சுட வேண்டுமென்றால் க்ளாக்தான், பேச்சே இல்லை. அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகச் சுடும்போது அந்தப் பழைய விசை எனக்குச் சின்னக் கூட்டமாகக் குண்டுகளை வைக்க உதவுகிறது, ஆனால் ஹேமர் நீண்ட வளைவில் விழுவதால் விசை விட்ட பிறகும் கை அசையாமல் இருக்க வேண்டும், அது எல்லோருக்கும் வராது. முதல் தடவை வருகிறவருக்கு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர், முடிந்தால் .22 என்கிற சின்னத் தோட்டாவில். அடுத்து பிஸ்டல், மேகசினில் ஒரே ஒரு தோட்டாவோடு. ஒன்று சுட்டதும் ஸ்லைடு பின்னால் திறந்து நின்றுகொள்ளும், எங்கே திரும்பினாலும் உள்ளே ஒன்றும் இல்லை. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கும் மீதி நேரம் முழுக்க கோச் இப்படித்தான் சுடக் கொடுத்தார். ஐந்து தோட்டாவோடு ஆரம்பிக்கிற வழக்கத்தையே அதற்கப்புறம் எங்கள் ரேஞ்சில் விட்டுவிட்டார்கள்.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வரியில் மடக்கினான்: "அப்படிப் பார்த்தா ஒரே தோட்டா போடற பிஸ்டல்தான்டா பெஸ்ட். சுட்டதும் செத்துடும், நீயே திறந்து நீயே போடணும்." கிண்டலுக்குத்தான் சொன்னான். ஆனால் 50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டல் என்கிற போட்டி அப்படிப்பட்டதுதான், .22, ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டு, 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பத்துப் புள்ளி வட்டத்தை நோக்கி 60 தடவை. 2016 ரியோவோடு அதை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவனுடைய வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு ஃப்ரீ பிஸ்டலை யாரிடமாவது இரவல் வாங்கிச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது, அவனையும் கூட்டிக்கொண்டு போய்.